வளவு

வளவு என்பது ஒரே சுற்றுமதிலுக்குள், பொதுவான தலைவாசலுடன் அமைந்த பல வாடகை வீடுகளின் தொகுதியைக் குறிக்கும் சொல்லாகும். இப்பொருளில் இச்சொல் திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் வழங்குகிறது. தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால் இரு நகரங்களின் பேச்சுவழக்கும் பெரிதும் ஒத்திருக்கும். காம்பவுண்டு, லைன் வீடு ஆகிய சொற்களும் இதே பொருளில் வழங்குகின்றன.

சொற்பொருள்

வளவு என்னும் சொல் 'சூழ்தல்' என்று பொருள்படும் 'வளை' என்னும் வினையோடு தொடர்புடையது. எனவே, சூழ அடைக்கப்பட்ட இடம் என்பதே இதன் அடிப்படைப் பொருள். வளாகம் இதனுடன் உறவுடைய சொல்லாகும்.

அமைப்பு

நடுவில் ஒரு நடைபாதையும் அதன் ஒருபுறமோ இருபுறமோ வரிசையாகச் சிறு வீடுகளும் இருக்கும். கிணறு, துவைகல், கழிப்பறை ஆகியன எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. தண்ணீர் இறைப்பதற்கும் முற்றம் பெருக்குவதற்கும் முறை வைத்துக்கொள்வது வழக்கம்.

பிற இடங்களில் பொருள்

- செட்டிநாடு: பெரிய வீட்டின் உள்ளே அமைந்த முற்றமும் அதைச் சூழ்ந்த பகுதியும்.
- யாழ்ப்பாணம்: வேலியடைத்த குடியிருப்பு நிலம். வீடு, கிணறு, மரங்கள் யாவும் இதில் அடங்கும்.
- சிங்களம்: நிலவுடைமையாளரின் மாளிகையைக் குறிக்கும் 'வளவ்வ' என்னும் சொல் தமிழிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது.

ஆகவே, வண்ணதாசன் போன்ற நெல்லை எழுத்தாளர்களின் கதைகளில் வரும் வளவை யாழ்ப்பாண வழக்கின்படி ஒரு குடும்பத்தின் காணி எனக் கொண்டால் பொருள் பிறழும்.

தூத்துக்குடியில்

துறைமுகம், உப்பளங்கள், 1888-இல் தொடங்கப்பட்ட நூற்பாலை ஆகியவற்றால் வளர்ந்த இந்நகரில், கூலி வேலை செய்வோருக்குக் குறைந்த வாடகை வீடுகள் தேவைப்பட்டன. அத்தேவைக்கு ஏற்றவை வளவு வீடுகள். மில்லர்புரம் போன்ற புறநகர்ப் பகுதிகள் விரிவடைந்தபோது தனி வீடுகளும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் பெருகின.

இன்றைய நிலை

வளவுகளில் வாடகை பெரும்பாலும் வாய்மொழி உடன்பாட்டின்படியே நடந்துவந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஒப்பந்தம் இல்லாத குடும்பங்கள், வளவு விற்கப்படும்போதோ இடிக்கப்படும்போதோ தம் குடியிருப்பு உரிமையை மெய்ப்பிக்க இடர்ப்படக்கூடும். இடித்த இடத்தில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் மதிலும் தலைவாசலும் பொதுவாகவே இருக்கின்றன. எனினும் அதனை யாரும் வளவு என அழைப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

- ஒண்டுக்குடித்தனம்
- அடுக்குமாடிக் குடியிருப்பு
- நாற்சார் வீடு