மகேந்திரலால் சர்க்கார்

மகேந்திரலால் சர்க்கார் (2 நவம்பர் 1833 – 23 பிப்ரவரி 1904) கல்கத்தாவில் புகழ்பெற்று விளங்கிய மருத்துவர். ஆங்கில மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றபின் ஹோமியோபதிக்கு மாறியவர். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர்.

ஹௌரா மாவட்டத்தின் பாய்க்பாரா கிராமத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்ததால் கல்கத்தாவில் தாய்மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். ஹேர் பள்ளி, இந்துக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி எனப் படித்து 1863இல் எம்.டி. பட்டம் பெற்றார். அதே ஆண்டு தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளைக்குச் செயலாளரானார். அதன் தொடக்கக் கூட்டத்தில் ஹோமியோபதியைக் கடுமையாகச் சாடியவரும் அவரே.

மனமாற்றம் ஒரு புத்தக மதிப்புரையில் தொடங்கியது. மார்கன் என்பவர் ஹோமியோபதி பற்றி எழுதிய நூல் அவரிடம் மதிப்புரைக்கு வந்தது. சிகிச்சையை நேரில் பாராமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று கருதிய சர்க்கார், கல்கத்தாவில் ஹோமியோபதி மருந்து கொடுத்துவந்த செல்வந்தர் ராஜேந்திரலால் தத்தாவின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். தத்தா முறையாக மருத்துவம் படித்தவர் அல்லர். ஆனால் சமூகச் சீர்திருத்தவாதி வித்யாசாகரின் ஒற்றைத் தலைவலிக்கு வைத்தியம் பார்த்துப் பெயர் பெற்றிருந்தார்.

1867 பிப்ரவரி 16 அன்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் சர்க்கார் தம் புதிய கருத்தைக் கட்டுரையாக வாசித்தார். கூட்டத்தில் அமளி எழுந்தது. சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினர். நோயாளிகளின் வரவும் குறைந்துபோனது. அவர் பின்வாங்கவில்லை. 1868இல் 'கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்தும் பகை தணியவில்லை: 1878இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரை மருத்துவப் புலத்தில் சேர்த்தபோது உறுப்பினர்கள் எதிர்க்க, அவர் விலகிக்கொண்டார்.

அக்கால ஆங்கில வைத்தியம் ரத்தம் வடிப்பதையும் பாதரச மருந்தையும் கடும் பேதி மருந்தையும் நம்பியிருந்தது. நோயாளியை மேலும் வாட்டாத ஒரு முறை நல்ல பலன் தருவதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் வகுத்த 30 வீரியம் என்பது மருந்தை நூறு மடங்காக முப்பது முறை நீர்க்கச் செய்தது. அதில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. மருந்துப்போலியைவிட ஹோமியோபதி மேலான பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்பதே இன்றைய அறிவியல் முடிவு. மருந்தில்லாமலே குணமாகியிருக்கக்கூடியவர்களைப் பிரித்தறியும் வழி சர்க்காரின் நேரடிக் கவனிப்பில் இல்லை.

1885இல் தொண்டைப் புற்றுநோயால் அவதிப்பட்ட ராமகிருஷ்ண பரமஹம்சருக்குக் கல்கத்தாவின் ஷ்யாம்புகூரில் வைத்தியம் பார்த்தார். பேசவே கூடாது என்று பத்தியம் சொன்ன மருத்துவரே மணிக்கணக்கில் அவரிடம் உட்கார்ந்து வாதிடுவார். பரமஹம்சரை அவதாரம் என்று ஏற்க மறுத்தாலும் அவர்மேல் ஆழ்ந்த அன்பு வைத்திருந்தார்.

சர்க்காரின் நிலைத்த சாதனை மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. இந்தியர்களே நடத்தும் அறிவியல் நிறுவனம் வேண்டும் என்று 1869இல் தம் இதழில் எழுதினார். பாதிரியார் லஃபோன் துணை நின்றார். நன்கொடை திரட்டவே ஆண்டுகள் ஓடின. 1876இல் பௌபஜார் தெருவில் கழகம் பிறந்தது. விஜயநகரம் மகாராஜா அளித்த பணத்தில் பின்னர் ஆய்வுக்கூடமும் எழுந்தது. ஆனால் முழுநேர ஆய்வாளர்களை அமர்த்தப் போதிய நிதி கடைசிவரை சேரவில்லை. சொற்பொழிவுகளே அதிகம் நடந்தன. இந்தக் குறை அவரை வாட்டியது.

அவருக்குப்பின் மகன் அமிர்தலால் பொறுப்பேற்றார். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த திருச்சிக்காரர் சி. வி. ராமனுக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டவர் அவரே. 1928இல் ராமன் விளைவு அங்கேதான் கண்டறியப்பட்டது.