வாங்காத கடனும் கைநாட்டின் கதையும்

வாங்கிய கடனைக் கட்டாமல் ஓடுகிறவர்களைப் பற்றி நாளிதழ்களில் நிறையப் படித்திருப்பீர்கள். வாங்காத கடனுக்கு நோட்டீஸ் வாங்கியவர்களைப் பற்றி? ஒருவரின் பெயர், கையெழுத்து, அட்டை எண் இவற்றை இன்னொருவர் எடுத்துக்கொண்டு கடன் வாங்குவதை அடையாளத் திருட்டு என்கிறார்கள். இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த குற்றம் இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதன் வேர் மிகப் பழையது. அன்று முதல் இன்று வரை கேள்வியும் ஒன்றுதான்: "இது என் கடன் இல்லை" என்று ஒருவர் சொன்னால், நிரூபிக்க வேண்டியது அவரா, கடன் கொடுத்ததாகச் சொல்பவரா?

ஜங்கிப்பூரில் ஒரு உள்ளங்கை

1858ஆம் ஆண்டு. வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடத் தேவையான சரளைக்காக ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஒப்பந்தம் போட்டார். கையெழுத்தோடு விடவில்லை. கோனாயின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். பின்னாளில் "இது என் கையெழுத்தே இல்லை" என்று கோனாய் மறுத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப்பதிவுக்கும் ஓய்வூதியத்துக்கும் விரல்ரேகையைக் கொண்டுவந்தார் அதே ஹெர்ஷல். உலகம் முழுவதும் பரவிய கைரேகை முறைக்கு இது முக்கியமான ஒரு தொடக்கம்.

இறந்தவர் பெயரில் இன்னொருவர் ஓய்வூதியம் வாங்குவதை அது தடுத்தது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடனிலும் ஒப்பந்தத்திலும் கைரேகை நுழைந்ததே மறுக்கிறவரின் வாயை அடைக்கத்தான்! விரல் யாருடையது என்று ரேகை சொல்லும். விரலை வைத்தபோது மேலே என்ன எழுதியிருந்தது, எழுதியதை யாராவது படித்துக் காட்டினார்களா என்பதை அது சொல்லாது.

திருவள்ளூர் சூளைகள்

இதைப் புரிந்துகொள்ள வங்காளம் வரை போக வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆள் பிடிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கைநாட்டு தொழிலாளியுடையது, கணக்கு நோட்டு முதலாளியுடையது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு ஏறியது என்பது நோட்டு வைத்திருப்பவருக்குத்தான் வெளிச்சம். 2011இல் கூட இம்மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம். அதில் 15ஆவது பிரிவு மிகச் சிறியது, ஆனால் மிகப் பெரியது. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படிப்பட்ட கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருக்கே! ஜங்கிப்பூரில் கடன்காரர் தலையில் ஏறிய சுமையை இந்தப் பிரிவு இறக்கி எதிர்ப்பக்கம் வைத்தது.

எண்ணே ஆளாகிப் போன கதை

கைநாட்டுக்குப் பிறகு எண்களின் காலம் வந்தது. 1938இல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் ஒரு பர்ஸ் கம்பெனி, விளம்பரத்துக்காகப் பர்ஸுக்குள் மாதிரி சமூகப் பாதுகாப்பு அட்டை ஒன்றை வைத்து விற்றது. அட்டையில் இருந்ததோ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் உண்மையான எண். பர்ஸ் வாங்கியவர்களில் பலர் அதைத் தங்கள் எண் என்றே நினைத்துக்கொண்டார்கள். 1943இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தத்தில் 40,000 பேருக்கு மேல்! கடைசியில் தன் எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்க வேண்டியவர் அந்தப் பெண்தான். அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் 1998இல்தான் வந்தது.

சிபில் வந்தது

இந்தியாவில் 2000இல் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004இல் தனிநபர் கடன் விவரங்களைத் தர ஆரம்பித்தது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வங்கிகளைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடு. ஒரு இடத்தில் ஏமாற்றியவர் இன்னொரு இடத்தில் கடன் வாங்க முடியாது.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பெல்லாம் கடன் கொடுத்தவர் பணத்தை வசூலிக்க நீதிமன்றத்துக்குப் போனால், நீ கடன் வாங்கினாய் என்று அவர்தான் அங்கே நிரூபிக்க வேண்டும். கடன் அறிக்கைக்கு அந்தக் கட்டம் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு வரி ஏறினால் போதும், ஸ்கோர் இறங்கிவிடும். 300 முதல் 900 வரையுள்ள அந்த ஸ்கோரைப் பார்த்துத்தான் டூவீலர் லோன் முதல் வீட்டுக் கடன் வரை முடிவாகிறது. கல்விக் கடனுக்குக் கூட அப்பா அம்மாவின் அறிக்கையைப் பார்க்கிறார்கள். தவறு என்று எழுதிக் கொடுத்தாலும், கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் அந்த வரியை மாற்றாது. அதாவது, யார் மேல் புகாரோ அவரேதான் தீர்ப்பும் சொல்கிறார்!

தூத்துக்குடி வழக்கு

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவரால். அபுதாபியில் வேலை பார்த்த அவருக்கு 2007 செப்டம்பரில், ஐசிஐசிஐ வங்கி அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. கேட்ட விவரங்களைக் கொடுத்தார், கணக்கிலிருந்து லட்சக்கணக்கில் பணம் போனது. ரகசிய எண்ணைக் கொடுத்தது வாடிக்கையாளரின் அஜாக்கிரதை என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் விசாரித்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், வங்கியின் பாதுகாப்பு போதவில்லை என்று கண்டு, 2010 ஏப்ரலில் ரூ. 12.85 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது.

இதற்கிடையே 2009 அக்டோபரில் அதே சட்டத்தில் 66சி பிரிவு வந்திருந்தது. அடுத்தவரின் மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் முதலிய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ. 1 லட்சம் வரை அபராதம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு படி மேலே போனது. அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிமாற்றத்தில் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால், அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. 1976க்குப் பிறகு சுமை மறுபடியும் இடம் மாறியது!

ஆனால் அது வங்கிக் கணக்கில் இருந்து போன பணத்துக்கு. கணக்கே இல்லாத ஏதோ ஒரு கம்பெனியில் ஒருவர் பெயரில் ஏறிய கடனுக்கு?

நடிகையும் தொழிலாளியும்

2022 பிப்ரவரியில் பலர் தங்கள் கடன் அறிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். 'தானி' என்ற செயலி மூலம் அவர்கள் பான் எண்ணில் யாரோ சின்னச் சின்னக் கடன்கள் வாங்கியிருந்தார்கள். நடிகை சன்னி லியோனும் அவர்களில் ஒருவர். தன் பெயரில் ரூ. 2,000 கடன் இருப்பதாக அவர் ட்விட்டரில் எழுதினார். உடனே சரிசெய்துவிட்டார்கள். 2023இல் டில்லியில் பிடிபட்ட கும்பல் தோனி, அபிஷேக் பச்சன் போன்றவர்களின் பான் விவரங்களை வைத்துக் கிரெடிட் கார்டு வாங்கியிருந்தது. பான் எப்படிக் கிடைத்தது? ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்தும் பான். ஜிஎஸ்டி எண் பொதுவில் கிடைக்கும், பிறந்த தேதி கூகுளில் கிடைக்கும். வணிகவியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடம்தான் இது!

நடிகை எழுதினால் ஒரே நாளில் நாடே பார்க்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஒரு பீகார் இளைஞர் எங்கே எழுதுவார்? வேலைக்குச் சேரும்போது ஆதார், பான், பாஸ்புக் நகல்கள் கான்ட்ராக்டரிடம் போகின்றன. அறை வாடகைக்கு ஒரு நகல், சிம் கார்டுக்கு ஒரு நகல், தவணையில் மொபைல் வாங்க ஒரு நகல். ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27 அன்று எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நகல் கேட்கிறவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தெரியாத கடன் இருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம், கேஒய்சி ஆவணங்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஆகிய வழிகளும் உண்டு. தொந்தரவு நிற்கட்டும் என்று ஒரு தவணை கட்டிவிடுவது மட்டும் கூடாது. கட்டினால் கடனை ஒப்புக்கொண்டது போல அவர்கள் பேசுவார்கள்.

சூளைத் தொழிலாளிக்காக 1976இல் ஒரு முறை, வங்கி வாடிக்கையாளருக்காக 2017இல் ஒரு முறை, நிரூபிக்கும் சுமை பலமுள்ளவர் பக்கம் போனது. இரண்டு முறையும் அதனால் கடன் தொழில் அழிந்துவிடவில்லை. கடன் அறிக்கையிலும் அதே விதி வர வேண்டும். தகராறு எழுந்த கடனைக் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட முடியாத நிறுவனம், அந்த வரியை அழித்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேச வேண்டும்.