காவாந்தண்டலம் = 13 துண்டுகள்

கடை வாசல்களில் பெரிய பெரிய அக்ரிலிக் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றை கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினில் கொடுத்து வெட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்பு கையால்தான் அறுத்தார்கள், அதுவும் ஒரு விரிசல் கூட விழாமல். அந்த வேலையின் கதைதான் இது.

அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக். 1930களில் ஜெர்மனியில் 'பிளெக்ஸிகிளாஸ்' என்றும், இங்கிலாந்தில் 'பெர்ஸ்பெக்ஸ்' என்றும் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானிகள் உட்காரும் இடத்தை மூடும் கண்ணாடிக் கூண்டு இதில்தான் செய்யப்பட்டது. 1945-ல் போர் முடிந்ததும் விமான ஆர்டர்கள் குறைந்தன. தயாரித்தவர்களுக்குப் புது மார்க்கெட் தேவைப்பட்டது. அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று பெயர்ப் பலகை. மழையில் ஊறாது, வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகாது, பின்னால் விளக்குப் போட்டால் பளிச்சென்று ஒளிரும். வேறென்ன வேண்டும்?

ஆனால் அறுப்பவருக்கு இது இரண்டு பக்கமும் இடி. வேகமாக அறுத்தால் சூடேறி, சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகி, பிளேடைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தி அறுத்தால் விரிசல் விடும். அந்த விரிசலும் பெரும்பாலும் கூரான உள்மூலையில்தான் ஆரம்பிக்கும். இழுவிசை முழுவதும் அங்கே வந்து குவிவதுதான் காரணம்.

அதனால் சில வழிகளைக் கடைப்பிடித்தார்கள். ஷீட் மேல் ஒட்டியிருக்கும் பேப்பரை உரிக்காமல் அதன் மேலேயே எழுத்தை வரைய வேண்டும். ஒவ்வொரு உள்மூலையிலும் முதலில் டிரில்லால் சின்ன ஓட்டை போட வேண்டும். மூலை உருண்டையாக இருந்தால் விசை பரவிவிடும். ஷீட் அதிராமல் இருக்க, வெட்டும் கோட்டுக்குப் பக்கத்திலேயே பலகையை முட்டுக்கொடுக்க வேண்டும். மெல்லிய பிளேடு போட்டு, அவசரப்படாமல், நடுநடுவே சூடு ஆறவிட்டு அறுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'எல்', 'டி', 'ஐ' எல்லாம் நேர்கோடுகள்தான். தமிழ் அப்படியா? 'ட'வுக்கு ஒரு உள்மூலை, 'ப'வுக்கு இரண்டு. க, வ, ண போன்றவற்றில் மூடிய சுழி உண்டு. சுழிக்குள் ஓட்டை போட்டு, ரம்பத்திலிருந்து பிளேடைக் கழற்றி, ஓட்டைக்குள் விட்டு, மறுபடி மாட்டித்தான் உள்ளே அறுக்க முடியும். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'காவாந்தண்டலம்' படிக்கும்போது எட்டு எழுத்து. அறுக்கும்போது இரண்டு துணைக்கால், மூன்று புள்ளி எல்லாம் தனித்தனி. மொத்தம் பதின்மூன்று துண்டுகள்! கடைசிச் சுழியில் உடைந்தால் ஷீட் மட்டும் நஷ்டமில்லை, அதுவரை பட்ட பாடும் போச்சு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதை 'நார்மல் லாஸ்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

இதில் 1978-க்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பழைய 'லை', 'னை' எழுத்துகளில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடு சேர்ந்தே நிற்கும். பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் கொண்டுவந்த சீர்திருத்த எழுத்துகளை, 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு ஏற்றது. துதிக்கை போய் தனி 'ை' வந்தது. அச்சுக்கோப்பவருக்கும் டைப் அடிப்பவருக்கும் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரம்பம் பிடித்தவருக்கும் லாபம்தான். ஒட்டி நின்ற மெல்லிய வளைவு ஒன்று குறைந்ததே!

கைரம்பத்துக்கு முடிவு கட்டியதில் ஒரு இந்தியருக்கும் பங்கு இருக்கிறது. மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தார். அந்த ஒளியை அக்ரிலிக் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தொடாமலே ஆவியாக்கி வெட்டிவிடும். ரம்பத்தின் அதிர்வும் இல்லை, அழுத்தமும் இல்லை.

லேசர் வந்ததில் தப்பில்லை. ஆனால் எந்தத் தமிழ் எழுத்து எந்த இடத்தில் பலவீனம் என்று விரலால் அறிந்திருந்தவர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லையே என்பதுதான் வருத்தம். பக்கத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்குப் போங்கள். முதலாம் பராந்தகன் காலத்து குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தேர்தல் விதிகளையெல்லாம் சொல்லிவிட்டு, சபையார் பணிக்க இதை எழுதியவன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன் என்று பெயரும் போட்டிருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் அந்தப் பெயரை நாம் படிக்கிறோம்.

உங்கள் ஊரில் பழைய அக்ரிலிக் போர்டு ஏதாவது மிச்சம் இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். எழுத்தின் உள்மூலை கூராக இல்லாமல் லேசாக உருண்டிருந்தால், அது ஒருவர் டிரில் வைத்த இடமாக இருக்கலாம். முடிந்தால் அவர் யார் என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.