விக்னர் கைவிட்டது

பிரக்ஞைதான் உலகை உண்டாக்குகிறது என்று குவாண்டம் பௌதிகம் நிரூபிச்சிட்டதாம். யூஜின் விக்னரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் இழுத்தவன்தான்.

காண்பவருக்கும் காணப்படுவதற்கும் நடுவிலான எல்லைக்கோட்டைக் கருவியில் போட்டாலும் மூளையில் போட்டாலும் கணக்கு மாறாது என்று 1932இல் வான் நாய்மன் காட்டினார். அவரோடு புடாபெஸ்டில் ஒரே பள்ளியில் படித்த விக்னர், 1961இல் அதைப் பிரக்ஞையில் கொண்டுபோய் நிறுத்தினார். கருவி ஒரே சமயத்தில் இரண்டு நிலையில் தொங்கலாம். அளந்து பார்த்த நண்பரின் மனமுமா தொங்கிக்கிட்டிருக்கும்? மனம் நுழைந்ததுமே ஒன்று முடிவாகிவிடுகிறது என்றார்.

ஆனால் 1970இல் டீட்டர் ட்ஸே, பெரிய பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை என்று எழுதினார். காற்றும் ஒளியும் அதைத் தொட்டுக்கிட்டே இருக்கு. இதை ஏற்ற விக்னர் பின்னாளில் தன் நிலைப்பாட்டைக் கைவிட்டார். (அளவீட்டுச் சிக்கல் அதனால் தீர்ந்துவிடவில்லை, அது வேறு.) 1961ஐ மேற்கோள் காட்டிய நாட்களில் இதை நான் படித்திருக்கவேயில்லை.