கதவிடுக்கில் ஒரு கண்

இந்தத் தொகுப்புக்குக் கட்டுரை கேட்டபோது, ஒளிப்பதிவு செய்த பெண் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். சீனத்தின் சரித்திரப் பிரம்மாண்டப் படங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண்ணைத் தேடினேன். முதலில் கைக்கு வந்த பெயர் மாண்டி வாக்கர். 2020இல் வெளியான 'மூலான்' அவருடைய ஒளிப்பதிவு. ஆனால் அவர் ஆஸ்திரேலியர், படமோ டிஸ்னியுடையது. தேட வந்த இடம் அதுவல்ல என்று தோன்றியது. பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். ஓர் ஆணை எடுத்துக்கொண்டு, அவர் கேமரா பெண்களை எங்கிருந்து பார்த்தது, யாருக்காகப் பார்த்தது என்று கேட்பதும் நம் வரலாறுதானே.

அந்த ஆண் ஜாவ் ஷியாவ்டிங். இயக்குநர் ஜாங் யிமோவின் படங்களை 2004 முதல் தொடர்ந்து ஒளிப்பதிவு செய்துவருபவர்.

கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் மூடிக்கிடந்த பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி 1978இல் மறுபடி மாணவர்களைச் சேர்த்தது. ஜாங் யிமோவுக்கு அப்போது வயது வரம்பு தாண்டியிருந்தது. கலாச்சார அமைச்சகத்துக்கு முறையிட்டு ஒளிப்பதிவு வகுப்பில் இடம் வாங்கினார். அந்த அணி 1982இல் படித்து முடித்து வெளியே வந்தது. இயக்குநர் வகுப்பிலிருந்து வந்தவர்களில் லி ஷாவ்ஹோங், பெங் ஷியாவ்லியான், ஹூ மெய் போன்ற பெண்கள் இருந்தார்கள். ஒளிப்பதிவு வகுப்பிலிருந்து உலகம் அறிந்துகொண்ட பெயர்கள் என்றால் ஜாங் யிமோ, கு சாங்வெய், லூ யுவே, ஹோ யோங், ஜாவ் ஃபெய். எல்லாம் ஆண்கள். பெண்கள் படம் இயக்கலாம், கேமராவைத் தொடுவதுதான் கடினம் என்ற நிலை சீனத்துக்கு மட்டும் உரியதல்ல. எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: கேமரா கனம். தண்ணீர்க் குடத்தையும் இடுப்புப் பிள்ளையையும் சுமக்கும்போது யாருக்கும் நினைவுக்கு வராத கனம் அது. ஆஸ்கர் ஒளிப்பதிவுப் பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது 2018இல், ரேச்சல் மாரிசனுக்கு. அந்த விருது தொடங்கி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து.

அந்த அணியின் ஆண்கள் பெயர் வாங்கியதில் ஒரு பெண்ணின் முகத்துக்குப் பெரும் பங்குண்டு. கோங் லியின் முகம். 'ரெட் சோர்கம்' படத்தில் சிவப்புப் பல்லக்குக்குள் அந்த முகத்தைப் படம்பிடித்தவர் கு சாங்வெய். 'ரெய்ஸ் த ரெட் லான்டர்ன்' படத்தில் நாலாம் மனைவியாக வந்த அதே முகத்தை ஜாவ் ஃபெய் விளக்கொளியில் காட்டினார். 1995இல் வந்த 'ஷாங்காய் ட்ரையட்' லூ யுவேவுக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்தது. அதோடு கோங் லியும் ஜாங் யிமோவும் பிரிந்தார்கள். அந்த அம்மாளின் முகத்தை எப்படிப் படம்பிடித்தார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்த முகம் அங்கே என்ன வேலை செய்தது என்று எழுதியவர்கள் குறைவு.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். 'ரெட் லான்டர்ன்' எழுத்தாளர் சூ டோங்கின் கதை. அதே சூ டோங்கின் இன்னொரு கதையை எடுத்து லி ஷாவ்ஹோங் 1995இல் 'ப்ளஷ்' செய்தார். புரட்சிக்குப் பின் மறுகல்விக்கு அனுப்பப்பட்ட பாலியல் தொழிலாளர்கள் இருவரின் கதை. பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கிய படம். ஒளிப்பதிவு இயக்குநரின் கணவர் செங் நியான்பிங். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவதில் வீடே பெண்ணைச் சுற்றிச் சட்டம் போட்டு நிற்கிறது. 'ப்ளஷ்' படத்தில் கேமரா எட்ட நின்று, அவர்களைத் தம் போக்கில் நடமாட விடுகிறது. கேமராவைப் பிடித்த கை இரண்டிலும் ஆணுடையதுதான். அதனால் ஒளிப்பதிவாளர் ஆணா பெண்ணா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை.

ஜாவ் ஷியாவ்டிங் 2002இல் பெய்ஜிங்கின் சுரங்க ரயிலைச் சுற்றி நடக்கும் 'ஸ்பிரிங் சப்வே' படத்தில் பணியாற்றினார். பேச்சற்றுப்போன ஒரு தம்பதியின் கதை, சிறிய படம். அதே ஆண்டு ஜாங் யிமோவின் 'ஹீரோ' வந்தது. அதை ஒளிப்பதிவு செய்தவர் கிறிஸ்டோபர் டாய்ல். அடுத்த வாள்சண்டைப் படம் ஜாவ் ஷியாவ்டிங்கின் கைக்கு வந்தது. 2004இன் 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்'. சீனப் பெயரின் பொருள், பத்துத் திசையிலும் பதுங்கியிருப்பது. அடுத்த ஆண்டு அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு விலைமாதர் மாளிகை. ஜாங் ஸியி நடித்த மெய் அங்கே கண் தெரியாத நடனக்காரி. சுற்றி வட்டமாக முரசுகள். ஒரு காவல் அதிகாரி பயறு மணியை முரசின் மேல் வீசுவான். ஓசை எங்கிருந்து வந்ததோ அங்கே அவள் நீண்ட சட்டைக்கையை வீசி அடிக்க வேண்டும். கேமரா பயறின் பின்னால் பறக்கிறது, கைத்துணியின் பின்னால் சுழல்கிறது. உடைகள் ஜப்பானியப் பெண் எமி வாடாவுடையவை. அகிரா குரோசாவாவின் 'ரான்' படத்துக்கு ஆஸ்கர் பெற்றவர். அந்த ஆட்டத்தில் பாதி அவர் வெட்டித் தைத்த துணியின் ஆட்டம். இதைப் பார்த்து மயங்காமல் இருக்க முடியாது. நானும் மயங்கினேன், மூன்று தடவை. நாலாம் தடவைதான் ஒன்று உறைத்தது. அந்த அரங்கில் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், அவளால் யாரையும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத பெண்ணைப் போல் வசதியான காட்சிப்பொருள் வேறென்ன? லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரைக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

பிறகு தெரிகிறது, அவளுக்குக் கண் தெரியும். அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இந்தத் திருப்பத்தைக் கதை ஒரு சூழ்ச்சியாகக் கடந்துபோகிறது. எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் அவள் பார்த்ததைக் கேமரா நமக்குக் காட்டுவதில்லை. அவளைக் காதலிப்பதாகச் சொல்லும் ஆண்கள் இருவர். ஒருவன் குடித்தவனாக நடித்து மாளிகையில் அவள் உடையைக் கிழிக்கிறான். மற்றவன் மூங்கில் காட்டில் அவளைப் பலவந்தம் செய்ய முயல்கிறான். இரண்டாவது முறை கத்தி வீசித் தடுப்பவர் அந்தக் குழுவின் மூத்த பெண். அந்தக் காட்டின் பச்சை மட்டும் எங்கும் ஒரு துளி கலங்குவதில்லை. வன்முறை நடக்கிற சட்டகமும் காதல் நடக்கிற சட்டகமும் ஒரே அழகில் இருப்பதுதான் எனக்குக் கோபம்.

இதே படத்தில் ஒரு இன்மையும் உண்டு. ஹாங்காங் பாடகியும் நடிகையுமான அனிதா முயி இதில் நடிப்பதாக இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் 2003 டிசம்பர் 30 அன்று, நாற்பதே வயதில் இறந்துபோனார். அவர் இடத்தில் வேறொருவரைப் போடாமல் ஜாங் யிமோ கதையை மாற்றினார். படத்தை அவருக்குக் காணிக்கையாக்கினார். உக்ரைனில் கடைசிச் சண்டையை எடுத்தபோது எதிர்பாராமல் முன்கூட்டியே பனி பெய்தது. அதையும் கதைக்குள் ஏற்றுக்கொண்டார்கள். இலையுதிர்காலத்தில் தொடங்கிய சண்டை பனிக்காலத்தில் முடிகிறது. வராத பெண்ணையும் வந்த பனியையும் நான் ஏனோ சேர்த்தே நினைக்கிறேன்.

2006இல் 'கர்ஸ் ஆஃப் த கோல்டன் ஃப்ளவர்'. பதினோரு ஆண்டுகள் கழித்துக் கோங் லி திரும்பி வந்தார். கதையின் வேர் நாடகாசிரியர் சாவோ யூவின் 'இடிமழை'. அந்த நாடகத்தில் மனைவியைக் கட்டாயப்படுத்தி மருந்து குடிக்கவைப்பான் கணவன். படத்தில் கணவன் சக்கரவர்த்தி, மருந்தில் நஞ்சு. அரண்மனை முழுக்கப் பொன்னும் பலநிறக் கண்ணாடியும்; கண் கூசும் அளவுக்கு வெளிச்சம். அதிகாலையில் பணிப்பெண்கள் வரிசை வரிசையாக எழுந்து, ஒரே நேரத்தில் உடுத்தி, ஒரே நேரத்தில் கச்சையை இறுக்குகிற தொடக்கக் காட்சியைப் பலரும் திகட்டல் என்றார்கள். எனக்கு அது தொழிற்சாலை மாதிரித் தெரிந்தது. அழகை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை, ஷிஃப்ட் தொடங்குகிறது.

ஜாவ் ஷியாவ்டிங் இங்கே ஒன்று செய்தார். அத்தனை ஜொலிப்புக்கு நடுவே அரசியின் கை நடுங்குவதை விடாமல் காட்டினார். தலையலங்காரத்தின் ஊசிகள் நடுங்குகின்றன, நெற்றி வியர்க்கிறது. நஞ்சென்று தெரிந்தும் கிண்ணத்தை ஏந்திக் குடித்து, வாயைத் துடைத்துக்கொள்கிறாள். இடையில் சாமந்திப்பூ தைத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் தைத்த பூக்கள்தான் கலகப் படையின் அடையாளமாகின்றன. பெண்ணுக்கென்று ஒதுக்கிய வேலையே கலகத்தின் கொடியாவது நல்ல கற்பனை. கலகம் தோற்கிறது, பிரம்மாண்டப் படங்களில் பெண்ணின் கலகம் தோற்றே ஆக வேண்டும்போல. ஆனாலும் மருந்துத் தட்டை அவள் தட்டிவிடும் கடைசி வீச்சு எனக்குப் போதும்.

2011இன் 'த ஃப்ளவர்ஸ் ஆஃப் வார்' பற்றி எழுதத்தான் தயங்கினேன். 1937 டிசம்பர், ஜப்பானியப் படை புகுந்த நான்ஜிங். ஒரு தேவாலயத்தில் பள்ளிச் சிறுமிகள் ஒளிந்திருக்கிறார்கள். சின்ஹுவாய் ஆற்றங்கரை விடுதிப் பெண்களும் அங்கே வந்து சேர்கிறார்கள். மூலக்கதை யான் கெலிங் என்ற பெண் எழுத்தாளருடையது. சிறுமிகளை அனுப்பு என்று படை கேட்கும்போது, அவர்களுக்குப் பதிலாக விடுதிப் பெண்கள் போகிறார்கள். கன்னிமையைக் காப்பாற்ற 'கெட்டுப்போன' உடலைக் கொடுக்கலாம் என்ற பழைய கணக்கு. அதைத் தியாகம் என்று பெயர் மாற்றி நம்மை அழவைக்கிறது படம். நான் அழுதேன். அழுததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

கேமராவும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறது. சாம்பல் படிந்த நகரத்தின் நடுவே அவர்கள் பட்டுடையில் இடுப்பசைய, ஸ்லோமோஷனில், வண்ணக் கண்ணாடி ஒளியில் வருகிறார்கள். வீணைபோன்ற பிப்பாவுக்கு நரம்பு எடுக்கப்போன பெண்ணின் சாவையும் அதே கேமரா ஓடி ஓடிக் காட்டுகிறது. எவ்வளவு காட்டினால் சாட்சியம், எவ்வளவு தாண்டினால் திரும்ப ஒருமுறை செய்த கொடுமை? படம் அந்தக் கோட்டைத் தாண்டியது என்பதே என் தீர்ப்பு.

ஆனால் வேறொன்றும் அங்கே இருக்கிறது. பட்டுடைப் பெண்களைப் பார்ப்பது நாம் மட்டுமல்ல. ஷூஜுவான் என்ற சிறுமி, தேவாலயத்தின் வட்டச் சன்னலில் விழுந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறாள். கதை சொல்லும் குரலும் அவளுடையது. முதலில் வெறுப்போடு பார்க்கிறாள், பிறகு ஏக்கத்தோடு. மெய் பார்த்ததைக் காட்டாத கேமரா, ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு சிறுமியின் கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

யான் கெலிங்கின் இன்னொரு நாவலிலிருந்து வந்த 'கமிங் ஹோம்' 2014இல் வெளியானது. அதில் பிரம்மாண்டம் எதுவும் இல்லை. நினைவு தப்பிய மனைவியாகக் கோங் லி, ரயில் நிலையத்தில் கணவனை எதிர்பார்த்து நிற்கிறார். கணவனோ பக்கத்திலேயே நிற்கிறான். முதுமையை மறைக்காத வெளிச்சம். முப்பது வருடமாக எத்தனையோ பேர் ஒளியேற்றிய முகத்தை, ஜாவ் ஷியாவ்டிங் சும்மா இருக்க விட்டார். அவர் செய்ததில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். 2016இன் 'த கிரேட் வால்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீல உடைப் பெண் படை கயிற்றில் கட்டிக்கொண்டு மதிலிலிருந்து பூதங்களின் நடுவே குதிக்கும், அவ்வளவுதான். அதில் உடன் ஒளிப்பதிவு செய்த ஸ்டூவர்ட் டிரைபர்க், ஜேன் கேம்பியனின் 'த பியானோ' படத்தைப் பிடித்தவர் என்பது மட்டும் சுவையான செய்தி.

2018இல் 'ஷேடோ'. சீனத்தில் நிழலைக் குறிக்கும் சொல், சினிமாவுக்கான சொல்லிலும் இருக்கிறது. சினிமா என்றால் மின்நிழல். வண்ணங்களால் புகழ்பெற்ற கூட்டணி இங்கே வண்ணத்தைத் துடைத்துவிட்டது. கறுப்புவெள்ளையில் எடுக்கவில்லை. அரங்கையும் உடையையும் மையோவியம்போலச் சாம்பலாக்கிவிட்டு வண்ணத்தில் எடுத்தார்கள். அதனால் தோலும் ரத்தமும் மட்டும் நிறத்தோடு நிற்கின்றன. படம் முழுக்க மழை. தளபதியின் மனைவி ஷியாவ் ஐயாக சுன் லி. எதிரியின் கனத்த ஆயுதத்தை வெல்ல வழி தெரியாமல் ஆண்கள் திணறும்போது, குடையைப் பெண்ணசைவோடு ஏந்து என்று வழி சொல்பவள் அவள். செய்தும் காட்டுகிறாள். தளபதியின் நிழலாக வளர்க்கப்பட்டவன் அவள் அசைவைத் தன் உடலில் வாங்கிக்கொள்கிறான். போரில் வென்ற உத்தி அவளுடையது, வென்ற பெயர் ஆண்களுடையது.

படம் தொடங்குவது அவள் கண்ணில். அடைத்த கதவின் இடுக்கு வழியே அவள் வெளியே பார்க்கிறாள். என்ன பார்க்கிறாள் என்று நமக்குச் சொல்லாமல் கதை பின்னோக்கிப் போகிறது. இரண்டு மணி நேரம் கழித்து அதே கதவுக்கு வருகிறோம். உள்ளே ராஜா செத்துக் கிடக்கிறான், கணவன் செத்துக் கிடக்கிறான். நிழலாக இருந்தவன் வெளியே போய்ச் சபையில் ஒரு பொய்யைச் சொல்கிறான். நடந்தது முழுவதும் தெரிந்த ஒரே சாட்சி அவள். கதவை நோக்கி ஓடுகிறாள். திறக்கப்போகிறாள் என்று நினைக்கிறோம். கை நின்றுவிடுகிறது. இடுக்கில் கண்ணை வைக்கிறாள். கேமரா கதவுக்கு வெளியே போகவில்லை. அவளுடைய அந்த ஒரு கண்ணோடு படம் நின்றுபோகிறது.