வெட்டுக்குத் தப்பிய பாட்டு

காலத்தை வென்ற படைப்புகள் சில, பிறந்த வேளையிலேயே மடிந்திருக்கக்கூடியவை. 1939-இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' என்னும் ஹாலிவுட் இசைத் திரைப்படத்தின் 'ஓவர் தி ரெயின்போ' பாடல் அத்தகையது. முன்னோட்டக் காட்சிக்குப் பின், அது கதையோட்டத்தைத் தாமதப்படுத்துவதாகக் கருதிய பட நிறுவனத்தார் அதை நீக்க முனைந்தனர். துணைத் தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீட் போன்றோர் வாதாடியதால் அது பிழைத்தது. ஆயினும், சூனியக்காரியின் கோட்டையில் சிறைப்பட்ட சிறுமி அழுதவாறே அதை மீண்டும் பாடும் பகுதி வெட்டப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருது இப்பாடலுக்கே கிடைத்தது.

இசையமைத்த ஹெரால்டு ஆர்லனின் தந்தை, பஃபலோ நகரில் யூதர்களின் தொழுகைக்கூடப் பாடகர். பாடலை எழுதிய ஹார்பர்க், நியூயார்க்கின் வறுமையில் வளர்ந்தவர். பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து கையேந்தியோரின் குரலை 1932-இல் பாட்டாக்கியவர். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய மூலக்கதையில் கான்சாஸ் நிலம் சாம்பல் நிறமாகவே காட்சி தருகிறது. அந்நிறமற்ற நிலத்துச் சிறுமிக்கு வானவில்லைத் தந்தவர் ஹார்பர்க்கே.

நம் இசைச் சொல்லால் கூறின், பாடலின் தொடக்கமே கீழ்ச் சட்சத்திலிருந்து மேல் சட்சத்திற்கு ஒரே தாவலாய் எழுகிறது. ஏக்கத்தின் அளவை அத்தாவலே உணர்த்திவிடுகிறது. 16 வயதில் இதைப் பாடிய ஜூடி கார்லண்ட், 1969-இல் 47-ஆம் வயதில் மறையும்வரை இப்பாடலோடு பிணைக்கப்பட்டே வாழ்ந்தார்.

அவருக்குப் பின்னும் பாடல் ஓயவில்லை. ஹவாய்த் தீவின் இஸ்ரேல் கமகாவிவோஓலே, யூகலேலே என்னும் சிறு நரம்புக்கருவியை மட்டும் மீட்டிப் பாடிய வடிவம் 1993-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. 2017 மே 22 அன்று மான்செஸ்டர் இசையரங்கில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 22 பேர் மாண்டனர். அன்று அங்கே பாடியிருந்த அரியானா கிராண்டே, ஜூன் 4-இல் அந்நகரில் நடந்த நினைவு நிகழ்ச்சியை இப்பாடலோடுதான் நிறைவு செய்தார்.

மகிழ்ச்சிப் பாடல்கள் எத்தனையோ இருக்க, இழவு காத்த நகரம் இதை ஏற்றது ஏன்? இப்பாடல் எதையும் வாக்களிப்பதில்லை என்பதே காரணம் என எண்ணுகிறோம். அச்சிறுமி அந்நாட்டை அடைந்ததாகப் பாடல் கூறவில்லை. தனக்கு மட்டும் ஏன் இயலாது என்னும் வினாவோடு நின்றுவிடுகிறது. துயருற்றோர் பொய்யின்றிப் பாடக்கூடிய பாடல் அது. சாவு வீட்டில் விடைகளை அடுக்குவோரைவிட, அருகமர்ந்து உடன் ஏங்குவோரையே நெஞ்சம் நெடுநாள் நினைக்கிறது. பாடல்களுக்கும் அவ்வாறே போலும்.