ஸ்டாண்டர்டு ஹெரால்டு: எஞ்சின் மாற்றமும் பழுதுநீக்கமும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட சிறிய கார். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம் இது. இதே குடும்பத்தில் பிறந்த இலகு விளையாட்டுக் கார் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

பொதுவான எஞ்சின்

ஹெரால்டு 1959இல் பிரிட்டனில் அறிமுகமானது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டி அதன் உடலை வடிவமைத்தார். ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி உருவாக்கப்பட்ட ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தது. இரண்டு கார்களுக்கும் ஒரே நான்கு சிலிண்டர் எஞ்சின் குடும்பமே அடிப்படை. 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சி.சி. அளவில் உருவான எஞ்சின் அது.

ஹெரால்டில் அது 948 சி.சி. ஆனது. சிலிண்டரின் உள்விட்டம் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. ஸ்ட்ரோக்கை மாற்றாமல் விட்டத்தை 69.3 மி.மீ. ஆக்கியபோது 1147 சி.சி. கிடைத்தது; 73.7 மி.மீ. ஆக்கியபோது 1296 சி.சி. பின்னர் ஸ்ட்ரோக்கும் 87.5 மி.மீ. ஆக நீட்டப்பட்டு 1493 சி.சி. எஞ்சின் உருவானது. ஸ்பிட்ஃபயர் இந்த மூன்று அளவுகளையும் வரிசையாகப் பெற்றது. இந்திய ஹெரால்டு மட்டும் கடைசிவரை 948 சி.சி.யிலேயே நின்றது. அதன் வழிவந்து 1970களில் வெளியான கஸெல் காருக்கும் அதே எஞ்சின்தான்.

பட்டறைக்கு ஏற்ற அமைப்பு

ஹெரால்டின் சேசிஸ் தனி, உடல் தனி. முன்பக்க மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். திறந்தால் எஞ்சினின் இரு பக்கங்களும் முன்சக்கரங்களும் வெளியே தெரியும். குனிந்து நெளியாமல் நின்றபடியே வேலை பார்க்கலாம். எஞ்சினை இறக்கி ஏற்றுவதும் எளிது.

இந்த எஞ்சினின் அறியப்பட்ட பலவீனம் கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. பிறை வடிவ வாஷர்கள் தேய்ந்து எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டால், ஷாஃப்ட் பிளாக்கையே அரித்துவிடும். ஒருவர் கிளட்சை மிதிக்க, முன்பக்கக் கப்பி அசைகிறதா என்று மற்றொருவர் பார்த்தால் கோளாறு முன்கூட்டியே தெரிந்துவிடும். சிறிய வாஷரைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்கும்.

தொழிற்சாலையே செய்த மாற்றம்

எஞ்சின் மாற்றத்தின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு அதே தொழிற்சாலையில் நிகழ்ந்தது. 1985இல் வெளியான ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலைக் கொண்டது. ரோவரில் ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் இருந்த இடத்தில், இங்கே ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் 1991 சி.சி. அளவில் பொருத்தப்பட்டது. அதன் சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை என்பதால் பழுது பார்ப்பது எளிது.

இதே 1991 சி.சி. அளவில் இந்த எஞ்சின் 1953இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 விளையாட்டுக் காரை மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் ஓட்டியது. டி.ஆர்.2 ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ளது. ஸ்டாண்டர்டு 2000 அதைவிட மிகக் கனமானது. எஞ்சினின் வலிமை அது இழுக்கும் எடையைப் பொறுத்தது என்பதை இந்தக் கார் காட்டியது. விற்பனை சரிந்து, 1988இல் உற்பத்தி நின்றது.

அதே ஆண்டு இந்தப் பாடத்தின் மறுபக்கத்தைக் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் காட்டினார். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை இலகுவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி ஃபார்முலா மாருதியை அவர் உருவாக்கினார். குடும்பக் காரின் எஞ்சினே பல இளம் பந்தய ஓட்டுநர்களுக்குத் தொடக்கமாக அமைந்தது.

இன்றைய நிலை

தொழிற்சாலை மூடியபின் ஹெரால்டு உரிமையாளர்கள் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளையும் லேத் பட்டறைகளையும் நம்ப வேண்டியதாயிற்று. வேறு காரின் எஞ்சினைப் பொருத்துவது மற்றொரு வழி. அதற்கு எஞ்சின் தாங்கிகள், கியர்பாக்ஸ் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் ஆகியவற்றை மாற்ற வேண்டும். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருப்பதால் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் தேவை.

2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களை ‘விண்டேஜ்’ எனப் பதிவுசெய்ய வழி செய்தது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வாகனங்களுக்கு இந்தத் தகுதி இல்லை. ஹெரால்டுகள் எல்லாம் இன்று அந்த வயதைக் கடந்துவிட்டன. வேற்று எஞ்சின் பொருத்தி இத்தனை ஆண்டுகள் ஓட்டிக் காப்பாற்றிய கார், அந்த மாற்றத்தாலேயே அங்கீகாரத்தை இழக்கிறது. 948 சி.சி. எஞ்சினோடு ஓடாமல் நின்ற காருக்கு, அதைச் சீராக்கினால் அந்த வாய்ப்பு இன்னும் உண்டு.